மேட்டுக் கிணற்றில் பெட்ரோல்

கிணற்றில் பெட்ரோல் வாசனை வருகிறது என்று யாராவது போன் செய்தால், பரிசோதனைக்குத் தண்ணீர் பிடிக்கும் பாட்டிலைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். முதலில் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பதில் இதைத்தான் முன்னால் வைப்பேன். எவ்வளவு கலந்திருக்கிறது, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதையெல்லாம் அடுத்த வாரம்கூடக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். உள்ளே இறங்கிய ஆளை அடுத்த வாரம் உயிரோடு தூக்க முடியாது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு நடந்தது இது. அப்போது அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்துக்கும் நிலத்தடி நீர் பார்க்கிற ஜியாலஜிஸ்ட் நான் ஒருத்திதான். அரியலூரிலிருந்து விக்கிரமங்கலம் போகிற வழியில், கொஞ்சம் மேடான இடத்தில் ஒரு காலனி. அங்கே வார்டு மெம்பராக இருந்த கொளஞ்சி எனக்குப் போன் செய்தார்.

"மேடம், எங்க கெணத்துத் தண்ணி பெட்ரோல் பங்க்குல நிக்கிற மாதிரி நாறுது. காலையில தாலுகா ஆபீசுலேருந்து ஒருத்தர் வந்து பாத்துட்டு, தண்ணிய பூரா எறைச்சு தூர் வாரச் சொல்லிட்டுப் போயிட்டாரு. எஞ்சின் கொண்டாந்து வச்சிருக்கோம். நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டா தேவல."

எஞ்சினில் ஒரு பொறி தெறித்தால் போதும். "நான் வர்ற வரைக்கும் எஞ்சினைத் தொடாதீங்க. கெணத்துப் பக்கம் பீடி, தீப்பெட்டி எதுவும் கூடாது" என்று சொல்லிவிட்டு, வழியில் தீயணைப்பு நிலையத்தில் ஜீப்பை நிறுத்தி, இரண்டு வீரர்களையும் அவர்களிடம் இருந்த வாயு அளக்கும் கருவியையும் கையோடு கூட்டிக்கொண்டு போனேன்.

போய்ச் சேர்ந்தபோது கிணற்றைச் சுற்றி காலனியே நின்றது. ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் ஒரு காலைத் தூக்கிப் போட்டிருந்தார்.

"எறங்காதீங்க!" ஜீப் நிற்பதற்கு முன்பே கத்திவிட்டேன்.

"நான் எறங்கித்தான் ஆவணும். அடியில என் பட்டறை ஆயில் ஒரு சொட்டு கெடந்தா என்னைய இதுலயே போட்டு மூடிருங்க."

அவர்தான் செல்லதுரை. டிராக்டர் மெக்கானிக். அந்தக் காலனியில் பிறந்து, வெளியூரில் தொழில் கற்று, ரோட்டோரம் சொந்தமாகப் பட்டறை போட்ட முதல் ஆள். அவருடைய அப்பா கூலிக்கு ஏர் ஓட்டிய வயல்களின் சொந்தக்காரர்கள் இப்போது தங்கள் டிராக்டரை அவரிடம்தான் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் பட்டறை கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. காலையில் வந்தவர் பட்டறையைப் பார்த்தார், தரையில் சிந்தியிருந்த கறுப்பு எண்ணெயைப் பார்த்தார், "வேற என்ன காரணம் வேணும்?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் பட்டறைக்குச் சீல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து செல்லதுரையின் சொந்தத் தெருவே அவரோடு பேசவில்லை.

வீரர்கள் கருவியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். பாதி ஆழம்கூடப் போகவில்லை, அது வீறிட ஆரம்பித்தது.

"என்ன மேடம் இது, பச்சப்புள்ள மாதிரி அழுவுது?" என்றார் கொளஞ்சி.

"இவரு எறங்கியிருந்தா இவரு வூட்டுல இப்படித்தான் அழுதுகிட்டு இருப்பாங்க. உள்ள பெட்ரோல் ஆவி நெறஞ்சு கெடக்கு. மூச்சும் முட்டும், ஒரு பொறி விழுந்தா வெடிக்கவும் செய்யும்."

யாரும் யாரையும் தள்ளவில்லை. கூட்டம் தானாகவே பின்னால் நகர்ந்தது. எஞ்சினை நான்கு பேர் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போனார்கள். செல்லதுரை மட்டும் இடுப்புக் கயிற்றை அவிழ்க்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கிணற்றை மூடச் சொன்னதும் கொளஞ்சி என்னை மறித்துக்கொண்டார். "மூடிட்டுப் போயிருவீங்க. நாங்க எதக் குடிக்கிறது?" நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒரு கிணற்றை மூட உங்களுக்கு உரிமை கிடையாது என்று நான் நினைக்கிறேன். அங்கே நின்றபடியே போனில் பேசி, தண்ணீர் லாரி தெருவுக்குள் நுழைவதைப் பார்த்த பிறகுதான் என் பாட்டில்களை எடுத்தேன்.

மாதிரி எடுக்கும்போதே ஒன்று தெளிவாகிவிட்டது. பட்டறையில் வடிகிற பழைய எஞ்சின் ஆயில் கறுப்பாக, கனமாக இருக்கும். இப்படி ஆவியாகிக் கிளம்பாது. கிணற்றில் மிதந்தது சுத்தமான பெட்ரோல். காரணம் பட்டறை இல்லை என்று அப்போதே தெரியும். அப்படியானால் காரணம் எது? அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

காலனியிலிருந்து கூப்பிடு தூரத்தில், கிழக்கே, மேடு இறங்கி முடிகிற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. கலியமூர்த்தி என்ற பெரியவருடையது. நாலு தலைமுறையாக நிலபுலம் உள்ள குடும்பம். அன்று மத்தியானம் பஞ்சாயத்து ஆபீசில் கோட்டாட்சியர் கூட்டம் போட்டபோது அவரும் வந்திருந்தார். பங்க் என்ற பேச்சு எழுந்ததும் அவர் கோபப்படவில்லை. எங்களைப் பங்க்குக்கே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்.

"போன மாசந்தான் கம்பெனிக்காரங்க வந்து டேங்கை டெஸ்ட் பண்ணாங்க. ராத்திரி பூரா விட்டுப் பாத்தாங்க, ஒரு நூல் எறங்கல. என் கெணறு டேங்குக்குப் பின்னாடியே இருக்கு. வாங்க." சொம்பில் தண்ணீர் மொண்டு எங்கள் முன்னாலேயே மடமடவென்று குடித்தார். "இதுல வாசம் இல்ல. அவுங்க கெணறு மேட்டுல இருக்கு. நீங்களே சொல்லுங்க சார், தண்ணி மேட்டுக்கு ஏறுமா?"

அவர் பொய் சொல்லவில்லை. நானும் அந்தத் தண்ணீரை மோந்து பார்த்தேன். சுத்தமான தண்ணீர்.

கோட்டாட்சியர் இளைஞர். கெட்டவர் அல்ல. அவருக்குப் பின்னால் ஒரு காலனி லாரித் தண்ணீரை நம்பி நின்றது, மேலே இருந்து போன் வந்துகொண்டே இருந்தது. பஞ்சாயத்து ஆபீசுக்குத் திரும்பியபோது மேஜையில் ஏற்கெனவே தட்டச்சு செய்த ஓர் அறிக்கை கிடந்தது. பட்டறைக் கழிவு எண்ணெயால் கிணறு மாசுபட்டது என்று அதில் இருந்தது. என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

"மேடம், சாயங்காலத்துக்குள்ள நான் பதில் சொல்லணும். பங்க் காரணம் இல்லைன்னு கண்ணால பாத்துட்டோம். அப்ப பட்டறைதானே?"

"பட்டறை இல்ல சார். கெணத்துல இருக்கறது பெட்ரோல்."

"அப்ப பெட்ரோல் எங்கேருந்து வந்துச்சு?"

"தெரியாது சார்."

பங்க்காரரோடு வந்திருந்த ஒருவர், பக்கத்து ஆளிடம் சொல்வது போல, எல்லாருக்கும் கேட்கிற அளவில் சொன்னார். "மேடமும் அந்தப் பக்கத்து ஆளுதானே. வேற எப்படி சொல்லுவாங்க."

நான் அந்தப் பக்கத்து ஆள்தான். என் அப்பா உடையார்பாளையம் பக்கம் முந்திரிக் கொல்லைகளில் கூலிக்குக் கொட்டை பொறுக்கியவர். அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு இரண்டு வழிகள்தான் தெரிந்தன. ஒன்று, சண்டை போடுவது. இன்னொன்று, என்மேல் சந்தேகம் வரவே வழியில்லாதபடி வேலை செய்வது. சண்டை போட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். பட்டறைச் சீல் அப்படியே இருந்திருக்கும்.

எடுத்த மாதிரிகளில் பாதியைக் கலியமூர்த்தியிடமே நீட்டினேன். "பெரியவரே, இது அந்தக் கெணத்துத் தண்ணி. உங்க முன்னாலயே சீல் வைக்கிறேன். சென்னையோ பெங்களூரோ, நீங்க நம்புற எந்த லேபுக்கு வேணாலும் அனுப்புங்க. உங்க ரிப்போர்ட்டும் என் ரிப்போர்ட்டும் ஒன்னா இருந்தா மேல பேசுவோம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

கோட்டாட்சியருக்கு என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். கிணற்றில் இருப்பது பெட்ரோல். பட்டறை எண்ணெய் அல்ல. எங்கிருந்து வருகிறது என்று இன்னும் தெரியவில்லை. கண்டுபிடிக்கும்வரை கிணற்றைத் திறக்கக் கூடாது. "'தெரியவில்லை'ன்னு எப்படி மேடம் மேல அனுப்புறது?" என்று அவர் கேட்டார். "தப்பா தெரியும்னு அனுப்புறதுக்கு இது மேல் சார்" என்றேன். எரிச்சலோடுதான் வாங்கிக்கொண்டார். ஆனால் மடித்து ஓரமாக வைக்காமல் மேலே அனுப்பினார். அந்த ஒன்றுக்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் நீங்கள் முதல் வருடமே கற்றுக்கொள்கிற வேலை. சுற்று வட்டாரத்தில் உள்ள கிணறு, போர் எல்லாவற்றிலும் நீர்மட்டம் அளந்தேன். கால் வலித்தது, வெயில் கொன்றது, சொல்ல வேறொன்றும் இல்லை. அளவுகளை வரைபடத்தில் குறித்துக் கோடு போட்டபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தரை கிழக்கே சரிந்தது. அடியில் இருந்த தண்ணீரோ மேற்கே சரிந்தது.

காலனிக்கு மேற்கே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி இருக்கிறது. அதை ஆழப்படுத்த ஆழப்படுத்த, ஊறுகிற தண்ணீரைப் பெரிய மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தார்கள். சுற்றிலும் இருந்த நிலத்தடி நீர் அந்தப் பள்ளத்தை நோக்கித் திரும்பிவிட்டது. சோற்றில் ஒரு குழி பறித்து ரசம் ஊற்றினால் எல்லாப் பக்கத்து ரசமும் குழிக்கு வருகிற மாதிரி. மேலே மேடு இருக்கிறதா பள்ளம் இருக்கிறதா என்று கீழே ஓடுகிற தண்ணீருக்குத் தெரியாது. போதாததற்கு அங்கே அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அதன் வெடிப்புகளில் தண்ணீர் வாய்க்கால் போல ஓடும். பங்க்கின் டேங்குக்கு மேற்கே காலனிக் கிணறு. கலியமூர்த்தி குடித்துக் காட்டிய கிணறு டேங்குக்குக் கிழக்கே. நாற்றம் அந்தப் பக்கம் போகவே வழியில்லை.

இதை வைத்து உடனே பங்க்மேல் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. டேங்க் ஒழுகவில்லை என்ற சோதனை இன்னும் குறுக்கே நின்றது. உங்கள் முடிவுக்கு ஒத்துவராத ஓர் உண்மை மிச்சம் இருக்கும்போது பேனாவை மூடி வைத்துவிடுங்கள். ஒத்து வருகிற பத்தை எண்ணிச் சந்தோஷப்படாதீர்கள்.

கருவியைத் தினமும் கிணற்றுக்குள் இறக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தோம். சில நாள் வாய் திறக்காது. சில நாள் அலறும். ஒருநாள் நான் காலனியிலிருந்து இறங்கி வரும்போது, பங்க்கில் லாரி நின்று டேங்கில் பெட்ரோல் இறக்கிக்கொண்டிருந்தது. மறுநாள் கருவி அலறியது. இரண்டு மூன்று நாளில் அடங்கியது. அடுத்த லோடு வந்தது. மறுபடி அலறல். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அதை என் வாயால் சொல்வதைவிடக் கலியமூர்த்தியின் வாயால் சொல்ல வைப்பதுதான் நல்லது என்று பட்டது.

அதற்குள் அவருடைய லேபிலிருந்தும் பதில் வந்திருந்தது. பெட்ரோல்தான். அவர் பங்க் அறையில் உட்கார்ந்து பேசினோம்.

"பெரியவரே, கம்பெனிக்காரங்க டெஸ்ட் பண்ணப்ப டேங்குல எவ்வளவு இருந்துச்சு?"

"பாதிக்கும் கீழதான். அடுத்த லோடு வரல."

"அப்ப டேங்கோட கீழ்ப்பாதி நல்லா இருக்குன்னு தெரிஞ்சுது. மேல்பாதி?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பெட்ரோலை எடுத்துட்டு, கழுத்து வரைக்கும் பச்சத் தண்ணி ஊத்திப் பாப்போம். தண்ணி எறங்கலன்னா நானே கிராம சபையில நின்னு உங்க பங்க்குல தப்பு இல்லைன்னு சொல்றேன்" என்றேன்.

"எறங்குச்சுன்னா?"

"அதையும் நானே சொல்லுவேன்."

"பங்க்கை மூடணும். என் பேரு போயிரும்மா." முதல் முறையாக மேடத்தை விட்டுவிட்டு அம்மா என்று சொன்னார். "எங்க அப்பா காலத்துலேருந்து ஒருத்தன் எங்களைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"செல்லதுரையையும் இதுக்கு முன்னாடி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க."

எழுந்துபோய் அவரே கம்பெனிக்குப் போன் போட்டார்.

டேங்கைக் காலி செய்து தண்ணீர் நிரப்பிய அன்று நான், கோட்டாட்சியர், கம்பெனி ஆட்கள், கொளஞ்சி, செல்லதுரை எல்லாரும் இருந்தோம். அளவுகோலை யார் இறக்கிப் பார்ப்பது என்று பேச்சு வந்தபோது கலியமூர்த்தி கையை நீட்டி வாங்கினார். "என் டேங்கு. நான் பாக்குறேன்." முதல் தடவை பார்த்தார். காத்திருந்து மறுபடி பார்த்தார். மூன்றாம் தடவை கோலை மேலே எடுத்து, ஈரம் நின்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, அதை எங்களிடம் காட்டாமல் அப்படியே நின்றார். தண்ணீர் இறங்கிக்கொண்டே போய், பாதிக்குச் சற்று மேலே வந்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஒரு நூல் இறங்கவில்லை. கம்பெனிக்காரர்கள் செய்த சோதனையும் பொய் இல்லை, இதுவும் பொய் இல்லை. தோண்டி எடுத்தபோது பார்த்தோம். டேங்கின் பக்கவாட்டில், மேல்பாதியில், துரு அரித்து விரல் நுழைகிற மாதிரி ஓட்டை.

செல்லதுரை அந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு காலனிப் பக்கம் நடந்துவிட்டார். அன்று சாயங்காலமே பட்டறைச் சீலை உடைக்க ஆள் வந்தது. ஆனால் அவர் ஷட்டரைத் தூக்கவில்லை. மறுநாளும் தூக்கவில்லை. நான் போய்க் கேட்டேன்.

"மேடம், என் ஆயில்னு ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னாங்க. இல்லைன்னு மட்டும் ஒரு தாளை என் கையில குடுத்துட்டுப் போறாங்க. இதை நான் யாருகிட்டக் கொண்டுபோய்க் காட்டுறது? சத்தமா சொன்னதை சத்தமாத்தான் திருப்பி எடுக்கணும்."

என் அறிக்கைகளை இதற்கு முன் யாரும் இப்படிக் கேட்டதில்லை. வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ எழுதியிருக்கிறேன். எல்லாம் கோப்பில் போய்ப் படுத்துக்கொண்டன. கோட்டாட்சியரிடம் பேசினேன். அடுத்த கிராம சபையிலேயே என் அறிக்கையை நான் படிக்க ஒத்துக்கொண்டார். ராத்திரி உட்கார்ந்து, இங்கிலீஷில் இருந்ததை எல்லாருக்கும் புரிகிற தமிழில் எழுதினேன். அது என் வேலையிலேயே கஷ்டமான வேலை. பத்து பக்கத்தில் சொன்னதை நீங்கள் ஒரு பக்கத்தில் சொல்லிப் பாருங்கள். எது உங்களுக்கு உறுதியாகத் தெரியும், எதைப் பூசி மெழுகியிருக்கிறீர்கள் என்பது வெளியே வந்துவிடும்.

கிராம சபையன்று வேப்பமரத்தடியில் ஷாமியானா. பெரிய ஊர்க்காரர்கள் ஒரு பக்கம், காலனிக்காரர்கள் ஒரு பக்கம். நான் மைக்கைப் பிடிப்பதற்கு முன்பே கலியமூர்த்தி எழுந்துவிட்டார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

"என் டேங்குதான். எனக்குத் தெரியாது. தெரியாம இருந்ததும் என் தப்புதான்," என்றார். "அந்தக் கெணறு சரியாவ ரொம்ப நாளாவும்னு மேடம் சொல்றாங்க. அதுவரைக்கும் பங்க்குக்குப் பின்னாடி இருக்குற என் கெணத்துலேருந்து காலனிக்குப் பைப்பு போட்டுக்கலாம். அந்தத் தண்ணி சுத்தம்னு மேடமே சோதிச்சு சொல்லிட்டாங்க." உட்காரப் போனவர் நின்று, செல்லதுரை இருந்த திசையில் பார்த்து, "தம்பி, மனசுல வச்சுக்காத" என்றார்.

கொளஞ்சி மட்டும் விடவில்லை. "பைப்பு சரிங்க. அந்தக் கெணத்துத் தண்ணியையும் மேடம் மாசா மாசம் பாக்கணும். எழுதிக்கோங்க" என்றார். கோட்டாட்சியர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

பிறகு நான் படித்தேன். பெட்ரோல் எங்கிருந்து வந்தது, எப்படி மேட்டுக் கிணற்றுக்குப் போனது, குவாரி இறைக்கிற தண்ணீருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் எல்லாவற்றையும். கடைசி வரியை எழுதும்போதே கவனமாக எழுதியிருந்தேன்.

"செல்லதுரை அவர்களின் பட்டறைக்கும் இந்தக் கிணறு மாசுபட்டதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை."

தாளை மடிக்கப் போனேன். காலனிப் பக்கத்திலிருந்து செல்லதுரை எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"மேடம், அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ படிங்க."

மைக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி படித்தேன்.